சாடியில் கறிவேப்பிலை, ரம்பை, புதினா, மல்லி: ஏன் சாகின்றன, எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: கல்லடியில் கடலுக்குக் கிட்ட வீடு. முற்றம் முழுக்கச் சீமெந்து. சாடிகளில் கறிவேப்பிலை, ரம்பை, புதினா, மல்லி, வல்லாரை வைத்திருக்கிறேன். காலையும் பின்னேரமும் கிணற்றுத் தண்ணி ஊத்துறேன். முதல் ரெண்டு மூணு கிழமை நல்லா நிக்குது, மறுகா இலை நுனி கருகி, மஞ்சளாகிச் செத்துப்போகுது. தண்ணி காணாதா, பசளை காணாதா? என்ன பசளை போட?

பதில்:

தண்ணீரும் காணும், பசளையும் காணும். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் வேரைத்தான் காட்டுகின்றன. எழுவான்கரைப் பக்கம் (மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கரை) சாடிச் செடிகளைக் கொல்லும் காரணங்கள் மூன்று: வேருக்குக் காற்றுப் போகாத மண், கிணற்றுத் தண்ணீரில் உள்ள உப்பு, வெயிலில் சூடேறும் சாடி. இவற்றைத் திருத்தாமல் பசளை போட்டால் செடி இன்னும் கெதியாகச் சாகும். இரசாயனப் பசளையும் ஒரு வகை உப்புத்தான். ஏற்கெனவே உப்பேறிய மண்ணில் அதைக் கரைத்து ஊற்றினால், வேரால் தண்ணீரை உறிஞ்சவே முடியாமல் போகும். அப்போது மண் ஈரமாக இருக்கும், ஆனால் செடி தாகத்தில் வாடி நிற்கும்.

எதையும் செய்யுமுன் ஒரு செடியை வெளியே எடுத்துப் பாருங்கள். சாடியைச் சரித்து, விளிம்பைக் கையால் தட்டினால் மண் கட்டியாகக் கழன்று வரும். வேர் வெள்ளையாக அல்லது இளமஞ்சளாக, நெரித்தால் உறுதியாக இருந்தால் நல்லது. மண்ணிறமாகி, தொட்டால் தோல் உரிந்து நடுவில் நூல் மாதிரி மிஞ்சினால், மண்ணும் புளித்து மணந்தால், அது அழுகல். சாடியின் மேற்குப் பக்கத்து வேர் மட்டும் காய்ந்திருந்தால் அது சூடு. வேர் நன்றாக இருந்தும் இலை நுனி கருகி, மண்ணின் மேலும் சாடியின் விளிம்பிலும் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது உப்பு. மண்ணே தெரியாத அளவுக்கு வேர் சாடியைச் சுற்றிச் சுற்றி நிறைந்திருந்தால் இடம் போதவில்லை. புதினாவும் ரம்பையும் இந்த நிலைக்கு மிக விரைவில் வரும். அழுகல், சூடு, உப்பு, இடக்குறைவு என்ற இந்த நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. இலையை மட்டும் பார்த்து மருந்து சொன்னால் பாதிக்குப் பாதி பிழையாகும்.

முதலில் மண். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று கடலோரமாகப் போகும் நிலம் மணல். தண்ணீர் உடனே வடியும், ஆனால் ஊட்டச்சத்து ஒன்றும் தங்காது. அதோடு அந்த மணலில் சிப்பித்தூள் கலந்திருப்பதால் சுண்ணாம்புத்தன்மையும் உண்டு. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்மண்ணோ களி. வயலில் அது தங்கம், ஆனால் சாடிக்குள் போனால் ஒரு மாதத்தில் இறுகிச் செங்கல்லாகும். மேலே ஊற்றிய தண்ணீர் மண்ணுக்கும் சாடிக்கும் இடையே உள்ள வெடிப்பால் ஓடி அடியால் போய்விடும். இரண்டில் எதையும் தனியாகச் சாடியில் போடக்கூடாது.

பெரும்பாலான இலைச்செடிகளுக்குப் பொருந்தும் கலவை இது. ஒரே வாளியால் அளந்து போடுங்கள்: மேல்மண் 2 வாளி, நன்றாக மக்கிய கூட்டெரு 2 வாளி, கழுவிய தும்புத்தூள் 1 வாளி, கரியாக்கிய உமி 1 வாளி. மேல்மண் மணலாக இருந்தால் உமிக்கரியைப் பாதியாகக் குறைக்கலாம். களியாக இருந்தால் மேல்மண்ணை ஒரு வாளியாக்கி, கழுவிய ஆற்றுமணல் ஒரு வாளி சேருங்கள். கடற்கரை மணல் வேண்டாம். கலவை சரியா என்று பார்க்க, நனைத்த மண்ணைக் கையில் பிடித்து இறுக்குங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். தட்டியும் உதிராவிட்டால் களி கூட, உருண்டையே பிடிக்காவிட்டால் மணல் கூட.

தும்புத்தூளில் ஒரு கவனம். உவர்நீரில் ஊறப்போட்ட மட்டையிலிருந்து வந்த தூளில் உப்பு நிறைய இருக்கும். வாளியில் போட்டு நல்ல தண்ணீர் விட்டு ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்து கொட்டுங்கள். இப்படி மூன்று தடவை செய்யுங்கள். முதல் தடவை வரும் தண்ணீர் கடுந்தேயிலை நிறத்தில் இருக்கும், மூன்றாவது தடவை வெளிறிவிடும். நெல் மில்லில் இருந்து வரும் பச்சை உமியை அப்படியே கலக்கக்கூடாது. அது மக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனைத் தனக்கு இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளிக்கும். கூடவே நெல்லும் முளைக்கும். தகரத்தில் அல்லது குவியலாக வைத்துப் புகையவிட்டு, கறுத்ததும் சாம்பலாகுமுன் தண்ணீர் தெளித்து அணைத்தால் அதுதான் உமிக்கரி. பச்சைச் சாணமும் ஆகாது. சூட்டால் வேரைச் சுடும், குண்டுப்புழுவையும் கொண்டுவரும்.

அடுத்தது சாடி. துவாரம் ஒன்று போதாது. 12 அங்குலச் சாடிக்குச் சுண்டுவிரல் அளவில் ஐந்தாறு துவாரம் அடியிலும், அடியிலிருந்து அரை அங்குலம் மேலே பக்கவாட்டில் இரண்டு மூன்றும் வேண்டும். சீமெந்துத் தரையில் தட்டையாக வைத்தால் அடித்துவாரம் தரையோடு ஒட்டி அடைபடும், ஆகவே இரண்டு செங்கல்லின்மேல் தூக்கி வையுங்கள். தரையின் சூடும் அப்படி வைத்தால் ஏறாது.

சாடியின் அடியில் ஒரு கை சல்லி அல்லது செங்கல் துண்டு போடுவது நம் வீடுகளில் பழக்கம். வடிய உதவும் என்று நினைத்துப் போடுகிறார்கள், ஆனால் நடப்பது வேறு. பொடி மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள சல்லிக்குத் தண்ணீர் லேசில் இறங்காது. மேலேயுள்ள மண் முழுக்க ஊறித் தோய்ந்த பிறகுதான் சொட்டும். அதனால் ஈரம் தேங்கும் பகுதி சாடியின் அடியில் இருந்து சல்லிக்கு மேலே, வேர் இருக்கும் இடத்துக்கே ஏறிவிடுகிறது. மண் வெளியே போகாமல் இருக்கத் துவாரத்தின்மேல் ஒரு துண்டு நுளம்புவலை போதும், மீதி முழுக்கக் கலவை மண். தேங்காய்ப் பொச்சை அடியில் போடுவது வேறு கதை, அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். ரம்பைக்கும் வல்லாரைக்கும் கோடையில் நல்லது. கறிவேப்பிலைக்கும் கற்பூரவள்ளிக்கும் போட்டால் மாரியில் அழுகும்.

கறுப்புப் பொலித்தீன் பையும் கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியும் ஆனி, ஆடி வெயிலில் ஆபத்து. பின்னேரம் மூன்று மணிக்கு அதன் மேற்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள், உள்ளே வேர் என்ன பாடுபடும் என்று விளங்கும். வெளிப்பக்கத்துக்குச் சுண்ணாம்பு பூசலாம், பழைய சாக்கைச் சுற்றிக் கட்டலாம், அல்லது சாடிகளை நெருக்கி வைத்து ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்கலாம். மண்சட்டி தன் பக்கங்களால் ஈரத்தை வெளியேற்றிக் குளிர்ந்திருக்கும். ஆனால் அதே வேகத்தில் காயும், உப்பும் அதன் வெளிப்பக்கத்தில்தான் பூக்கும். அந்த வெள்ளைப் பூப்பைத் தும்பு பிரசால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.

இப்போது தண்ணீர். உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டில் இருக்கிறீர்கள். அங்கே கிணற்று நீர் மாரியில் நன்னீராக இருந்தாலும் கோடையில் சவர் ஏறும். ஒரு கணக்குப் பாருங்கள். லீற்றருக்கு ஒரு கிராம் உப்புள்ள தண்ணீர் வாயில் லேசாகத்தான் சவர் தட்டும். அதை ஒரு சாடிக்குத் தினமும் ஒரு லீற்றர், அடியால் ஒரு சொட்டும் வடியாதபடி ஊற்றினால், செடியும் வெயிலும் தண்ணீரை எடுத்துக்கொள்ளும், உப்பு மண்ணிலேயே தங்கும். 30 நாளில் 30 கிராம், அதாவது ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி. மூன்றாம் கிழமை கழிந்து நுனி கருகுவதன் காரணம் இதுதான். நிலத்தில் நட்ட செடிக்கு மழை அந்த உப்பைக் கீழே கழுவிக்கொண்டு போகும், சாடிக்கு நீங்கள்தான் கழுவ வேண்டும்.

ஆகவே தினமும் இரண்டு வேளை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதை நிறுத்துங்கள். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும், காலையில், அடித்துவாரத்தால் தாராளமாக வடியும்வரை ஊற்றுங்கள். ஊற்றியதில் ஆறில் ஒரு பங்காவது வெளியே வர வேண்டும். சாடியைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் விரலும் தேவையில்லை, பாரமே சொல்லிவிடும். கச்சான் என்னும் வறண்ட கோடைக்காற்று அடிக்கும் நாளில் சிறிய சாடிக்குத் தினமும் வேண்டியிருக்கும், மார்கழியில் பத்து நாளைக்குத் தேவைப்படாமலும் போகும். மணிக்கூடு பார்த்து ஊற்றினால் இரண்டும் பிழையாகும்.

மாதம் ஒரு தடவை குழாய்நீரால் அல்லது மழைநீரால் கழுவல் கொடுங்கள். சாடியில் 10 லீற்றர் மண் இருந்தால் 20 லீற்றர் தண்ணீரை மூன்று நான்கு தவணையாக, ஒவ்வொன்றும் வடிந்த பிறகு அடுத்ததாக, மெதுவாக ஊற்ற வேண்டும். குழாய்நீரின் குளோரின் பற்றிப் பயப்பட வேண்டாம், கிணற்றுச் சவரைவிட அது எவ்வளவோ மேல். மழைநீர் கிடைத்தால் அதற்கு நிகரில்லை. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 10 சதுர மீற்றர் கூரைத் துண்டில் 20 மில்லிமீற்றர் மழைக்கு, சிந்தியது போக, ஒரு பீப்பாய் ஏறக்குறைய நிறையும். பீப்பாயின் வாயை நுளம்புவலையால் இறுக்கிக் கட்டுங்கள்.

சாடிக்குக் கீழே தட்டு வைப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வடிந்த உப்புத்தண்ணீர் தட்டில் நின்றால் மண் அதைத் திரும்ப உறிஞ்சும். அதைவிடப் பெரிய பிரச்சினை டெங்கு. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு கிழமைக்குச் சற்று மேல் போதும். முட்டைகள் தட்டின் பக்கச்சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போகாது. முடிந்தால் தட்டே வைக்காதீர்கள். வைத்தால் கிழமைக்கு இரு தடவை ஊற்றி, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

தும்புத்தூள் கலந்த மண் ஒரு தடவை முற்றாகக் காய்ந்தால் பிறகு தண்ணீரை ஏற்காது; மேலே உருண்டோடும். அப்படியான சாடியைப் பேசினில் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் இருத்திவைத்து எடுத்தால் சரியாகும்.

வெயிலும் காற்றும்: வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து சூடாக, வறட்சியாக வீசும். வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தொடும். அந்த மாதங்களில் காலை வெயில் பதினொரு மணி வரை போதும். அதற்குமேல் நிழல் தேவை. வீட்டின் கிழக்குச் சுவரோரம் சிறந்த இடம். அது இல்லாவிட்டால் தென்னங்கிடுகு ஒன்றை மேற்குப் பக்கம் சாய்த்துக் கட்டுங்கள், அல்லது பாதி வெயில் மறைக்கும் நிழல்வலை போடுங்கள். மண்ணின்மேல் ஓர் அங்குல உயரத்துக்கு வைக்கோல் பரப்பினால் ஈரம் நிற்கும். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், மாரி தொடங்கியதும் அள்ளிவிடுங்கள். கடலுக்கு மிகக் கிட்ட இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் உண்டு: கடல் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் விளிம்பில் கருகும். அந்த நாட்களில் விடியற்காலையில் இலையை நன்னீரால் கழுவிவிடுங்கள்.

இனிச் செடிகள்.

மல்லியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. ஆவணி வெயிலில் மல்லி இலை வளர்க்க முயல்வதே வீண். 30 பாகைக்கு மேல் போனால் அது இலை விடாமல் தண்டு நீட்டிப் பூத்துவிடும். கார்த்திகை நடுப்பகுதியிலிருந்து தை கடைசி வரை விதையுங்கள். கடையில் வாங்கும் கொத்தமல்லி பழையதாக அல்லது வறுத்ததாக இருந்தால் முளைக்காது. ஈரத்துணியில் பத்து விதையைச் சுற்றி வைத்துச் சோதித்துவிட்டு விதையுங்கள். ஒரு மல்லி உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது. போத்தலால் மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓரிரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில், ஒன்றுக்கொன்று இரண்டு அங்குலம் விட்டுப் போடுங்கள். முளைக்க ஏழு முதல் பதினான்கு நாள். ஆணிவேர் நேராக இறங்குவதால் சாடி குறைந்தது எட்டு அங்குலம் ஆழம் வேண்டும், பிடுங்கி நடக்கூடாது. ஐந்தாறு கிழமையில் வெட்டலாம். ஒரு சாடி இரண்டு வெட்டுத்தான் தரும், ஆகவே இரண்டு கிழமைக்கு ஒரு சாடி என்று மாற்றி மாற்றி விதையுங்கள். நோன்புக் காலத்துக்கோ கலியாண வீட்டுப் புரியாணிக்கோ கோடையில் வேண்டுமென்றால் சந்தையில் வாங்குவதே புத்தி.

புதினா அப்படியல்ல, வருடம் முழுக்க நிற்கும். சந்தையில் வாங்கும் கட்டில் தடித்த தண்டாகப் பார்த்து நான்கு அங்குலம் வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, கண்ணாடிப் போத்தல் தண்ணீரில் நிழலில் வையுங்கள். தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினால் பத்து நாளுக்குள் வேர் வரும். வேர் ஓர் அங்குலம் ஆனதும் நடுங்கள், அதற்குமேல் விட்டால் தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழகச் சிரமப்படும். புதினா பக்கவாட்டில் ஓடும் செடி, ஆகவே ஆழத்தைவிட அகலம் முக்கியம். பழைய பேசினில் துவாரமிட்டு நட்டாலே போதும். நான்கு மாதத்தில் நடுப்பகுதி மொட்டையாகி, விளிம்பில் மட்டும் பச்சை தெரியும். உடனே கவிழ்த்து, விளிம்பிலுள்ள இளந்துண்டுகளைப் புதுமண்ணில் நட்டு, கிழட்டு நடுவை எறியுங்கள். புதினா செத்துவிட்டது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பிரித்து நடுதலைச் செய்யாதவர்கள்தான். இலையின் கீழ்ப்பக்கம் செம்மஞ்சள் பொட்டுகள் வந்தால் அது துருநோய். தரைமட்டத்துக்கு வெட்டி அந்த இலைகளை எரித்துவிடுங்கள், எருக்குழியில் போட வேண்டாம்.

ரம்பைக்கு விதை கிடையாது, பக்கக்கன்றுதான். தாய்ச்செடியின் அடியில் வரும் கன்றில் வேர் தொங்கும்போது ஒடித்து நடுங்கள். பிரகாசமான நிழல், எப்போதும் ஈரம், ஒரு வருடத்துக்கு ஒரு தடவை பெரிய சாடி. இது மற்றச் செடிகளைவிட ஈரத்தைத் தாங்கும், ஆனால் உப்பைத் தாங்காது. ரம்பை நுனி கருகினால் தண்ணீர் மாற்று என்று பொருள். இலையை அடியிலிருந்து எடுங்கள், குருத்தைத் தொட வேண்டாம்.

கறிவேப்பிலை பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அது மரம், அதைச் சாடிக்குள் செடியாக வைத்திருக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. கறுத்த பழத்திலிருந்து சதையைக் கழுவி, அன்றைக்கே அல்லது அடுத்தடுத்த நாட்களில் விதைக்க வேண்டும். காயவைத்து எடுத்துவைத்த விதை முளைக்காது. பழைய மரத்தின் வேரிலிருந்து எழும் கன்றையும் வேரோடு வெட்டி எடுத்து நடலாம். சின்னக் கன்றை நேரே பெரிய சாடியில் நட்டுவிடாதீர்கள். வேர் இல்லாத இடத்து மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும். 6 அங்குலம், பிறகு 10, பிறகு 14 முதல் 16 அங்குலம் என்று படிப்படியாக மாற்றுங்கள். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளை விரியும். பூமொட்டு வந்தால் வெட்டிவிடுங்கள். பூவும் பழமும் வந்தால் இலை குறையும். சமையலுக்கு எடுக்கும்போது தனி இலைகளாக உருவுவது இங்கே எல்லா வீட்டிலும் நடக்கும் பிழை. உருவிய கிளை மொட்டையாக நின்று காயும். இளங்கிளையைக் கணுவுக்குச் சற்று மேலே கத்தரித்து எடுங்கள், அந்த இடத்தில் இரண்டு துளிர் வரும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம்.

கறிவேப்பிலை மஞ்சளானால் எந்த இலை என்று பாருங்கள். கீழே உள்ள முதிர்ந்த இலை முழுதாக மஞ்சளித்தால் நைதரசன் குறைவு. மேலே உள்ள இளந்தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு கிடைக்கவில்லை. நம் கடலோரத்துச் சுண்ணாம்பு மணலிலும் கிணற்று நீரிலும் இது மிகச் சாதாரணம். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை அதைப் பூட்டி வைத்துவிடும். மழைநீருக்கு மாறி, மேல்மண் இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துக் கூட்டெரு போடுங்கள். அவசரத்துக்கு லீற்றருக்கு 2 கிராம் இரும்புச் சல்பேற்றுக் கரைத்துப் பின்னேரத்தில் இலையில் தெளிக்கலாம். சீமெந்தில் பட்டால் துருக்கறை போகாது, தள்ளிவைத்துத் தெளியுங்கள். முட்டைக்கோதும் சாம்பலும் இந்தச் செடிக்கு வேண்டாம், அவை காரத்தை இன்னும் ஏற்றும். புளித்த மோர் ஊற்றச் சொல்வார்கள். உப்புப் போடாத மோரை ஐந்து மடங்கு தண்ணீரில் கலந்து மாதம் ஒரு தடவை ஊற்றினால் கெடுதலில்லை, ஆனால் அதைப் பசளையென்று நம்பி இருக்கக்கூடாது.

வல்லாரைக்கு ஆறு அங்குலம் ஆழமான அகன்ற பேசின், அரைநிழல், ஓயாத ஈரம். சம்பலாகப் பச்சையாகவே சாப்பிடும் இலை என்பதால், வடிகான் ஓரத்து வல்லாரையைவிடச் சாடி வல்லாரை எவ்வளவோ சுத்தம். கற்பூரவள்ளிக்கு நேர்மாறு: துண்டை ஒருநாள் நிழலில் வெட்டுக்காயம் காயவிட்டு நடுங்கள், மண் காய்ந்த பிறகே தண்ணீர். இரண்டையும் ஒரே சாடியில் வைத்தால் ஒன்று நிச்சயம் போகும். எலுமிச்சம்புல்லுக்கு முழு வெயில், 14 அங்குலச் சாடி, வருடம் ஒரு தடவை தூரைப் பிரித்து நடுதல், வேறொன்றும் கேட்காது.

பசளைக்கு வருவோம். நல்ல கலவையில் நட்ட செடிக்கு முதல் இரண்டு மாதம் ஒன்றும் தேவையில்லை. பிறகு 12 அங்குலச் சாடிக்கு மாதம் இரண்டு கைப்பிடி கூட்டெரு, மேல்மண்ணைக் கிளறிவிட்டுப் போடுங்கள். மக்கிய ஆட்டெருவை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து வடித்தும் ஊற்றலாம். யூரியாதான் இருக்கிறது என்றால் ஐந்து லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதுவும் ஏற்கெனவே நனைந்த மண்ணுக்கு, மாதம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். மீன் கழுவிய தண்ணீர் நம் வீடுகளில் தாராளம். உப்புப் போட்டுக் கழுவாததாக இருந்தால் இரண்டு மடங்கு தண்ணீர் கலந்து கறிவேப்பிலைக்கும் ரம்பைக்கும் ஊற்றலாம். மீன் தலையையும் குடலையும் சாடிக்குள் புதைப்பது வேண்டாம். காற்றில்லாமல் அழுகி வேரைக் கொல்லும், பூனையும் காகமும் மிச்சத்தைக் கிளறும். அவற்றை எருக்குழியில் வைக்கோலோடு ஆழமாகப் புதைத்தால் நல்ல எரு. பச்சையாகச் சாப்பிடும் வல்லாரை, புதினா, மல்லிக்கு மக்காத விலங்கெரு போட்டால் நான்கு மாதத்துக்கு அந்த இலையைப் பச்சையாக எடுக்கக்கூடாது, ஆகவே அவற்றுக்கு மக்கியது மட்டும்.

பூச்சிகளில் கறிவேப்பிலைக்கு முதல் எதிரி, பறவை எச்சம் போலத் தோன்றி, வளர்ந்ததும் பச்சையாகும் வண்ணத்துப்பூச்சிப் புழு. ஒன்றே ஒரு கன்றை இரண்டு நாளில் மொட்டையாக்கும். காலையில் இலையைப் புரட்டிக் கையால் எடுத்துவிடுங்கள், மருந்து தேவையில்லை. கணுக்களில் வெள்ளைப் பஞ்சு போல இருப்பது வெண்மூட்டுப்பூச்சி. எறும்பு வரிசையாக ஏறினால் அதுவோ அழுக்கணவன் என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியோ நிச்சயம் இருக்கும். அவை கசியும் இனிப்புக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கிறது. எறும்பை நிறுத்தாமல் பூச்சி போகாது: செங்கல்லைச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வைத்து அதன்மேல் சாடியை வைத்தால் எறும்பு ஏறாது, அந்தத் தண்ணீரையும் கிழமைக்கு இரு தடவை மாற்றுங்கள். பூச்சியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு, லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் கலந்து பின்னேரம் தெளித்து, காலையில் கழுவுங்கள். ஐந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை செய்தால்தான் புதிதாகப் பொரிப்பவையும் போகும். புதினா இலை கோடையில் புள்ளி புள்ளியாக வெளிறி, கீழே நுண்ணிய வலை தெரிந்தால் சிற்றுண்ணி. வறட்சிதான் அதற்கு விருப்பம், இலையின் கீழ்ப்பக்கத்தை மூன்று நாள் தொடர்ந்து தண்ணீர் பீச்சிக் கழுவினாலே குறையும். குறையாவிட்டால் 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்துத் தெளியுங்கள். கசப்புப் போக ஒரு கிழமையாவது இலை எடுக்க முடியாது. கடையில் கிடைக்கும் பூச்சிமருந்துகளைச் சமையல் இலைச்செடிகளுக்கு அடிக்க வேண்டாம். நாளைக்கு அதே இலையைத்தான் கறியில் போடப்போகிறீர்கள்.

ஐப்பசியில் வேலையை மாற்றுங்கள். நம் வருட மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் கொட்டும். துவாரங்களைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள், கற்பூரவள்ளியையும் சின்னக் கறிவேப்பிலைக் கன்றையும் தாழ்வாரத்துக்குள் எடுங்கள். மற்றவை மழையில் நிற்கட்டும், கோடை உப்பு முழுக்கக் கழுவப்படும். அப்படிக் கழுவப்படும்போது நைதரசனும் போகும், ஆகவே மாரியில் கூட்டெருவைச் சிறிது சிறிதாகப் பத்து நாளுக்கு ஒரு தடவை போடுங்கள். மதிலிலும் மேல்மாடிக் கைப்பிடியிலும் இருக்கும் சாடிகளைக் கார்த்திகைக்கு முன் தரையில் இறக்குங்கள். 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியதும் இந்த மாதத்தில்தான். வெள்ளநீர் சாடிக்குள் ஏறினால் அந்த இலைகளை வெட்டி எறிந்து, மண்ணை மாற்றி, புதுத் துளிரை மட்டும் எடுங்கள். மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்த தண்ணீர் அது.

மாரி இரவில் ஆபிரிக்க நத்தையும் வரும். ஒரே இரவில் மல்லி நாற்று முழுவதையும் மேய்ந்துவிடும். இருட்டியதும் ரோச்லைற்றோடு போய், கையுறையோ பொலித்தீன் பையோ போட்டுப் பொறுக்கி, உப்புநீர் வாளியில் போடுங்கள். உப்பை மட்டும் சாடிக்குப் பக்கத்தில் தூவிவிடாதீர்கள். நத்தையும் அதன் வழும்பும் மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழுவைக் கொண்டிருக்கலாம். ஆகவே அந்த மாதங்களில் வல்லாரையையும் மல்லியையும் ஒவ்வோர் இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவுங்கள். நத்தை மேய்ந்த இலையைச் சம்பலுக்கு எடுக்க வேண்டாம்.